எலக்ட்ரிக் மட்: மட்டி வாட்டர்ஸ் கிதாரைத் தொடாத ஸ்டோன்ஸ் பாட்டு

ஆறுகம்பி எழுதியது:

நண்பர் கல்லுருட்டி நேற்று இட்ட பதிவைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. "முதுபெரும் ப்ளூஸ் கிதார் கலைஞர் மட்டி வாட்டர்ஸ், 1968-ல் வெளிவந்த எலக்ட்ரிக் மட் ஆல்பத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'லெட்ஸ் ஸ்பெண்ட் த நைட் டுகெதர்' பாடலை எடுத்துத் தம் கிதாரால் புதுப்பித்துக் காட்டினார், ஒரு ராக் பாட்டுக்கு ப்ளூஸ் கிதார் தந்த விளக்கங்களில் இதற்கு ஈடு இல்லை" என்று அவர் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே நாற்பது பேர் கைதட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர்கூட அந்த இசைத்தட்டின் வாத்தியக்காரர் பட்டியலைப் பார்க்கவில்லை.

அந்த ஆல்பத்தில் மட்டி வாட்டர்ஸ் கிதாரைத் தொடவே இல்லை. பாடியிருக்கிறார், அவ்வளவுதான். கிதார் வாசித்தவர்கள் பீட் கோசி, ஃபில் அப்சர்ச், ரோலண்ட் ஃபாக்னர் ஆகிய மூவர். பாஸ் லூயிஸ் சாட்டர்ஃபீல்ட், டிரம்ஸ் மாரிஸ் ஜென்னிங்ஸ், ஆர்கனும் இசைக்கோப்பும் சார்ல்ஸ் ஸ்டெப்னி, சாக்ஸஃபோன் ஜீன் பார்ஜ். மட்டியின் சொந்தக் குழுவினரில் ஒருவர்கூட அங்கே இல்லை. மட்டியின் தட்டுகளை வெளியிட்டுவந்த செஸ் நிறுவனத்தின் வாரிசான மார்ஷல் செஸ், இளைஞர் சந்தையைப் பிடிப்பதற்காகக் கேடட் கான்செப்ட் என்ற கிளை நிறுவனத்தைத் தொடங்கி, அதற்காகத் திட்டமிட்டுச் செய்வித்த சரக்கு அது. 1950-ல் 'ரோலின் ஸ்டோன்' பாட்டைத் தனி ஆளாக, ஒரே ஒரு மின்கிதாரை மட்டும் வைத்துக்கொண்டு பதிவுசெய்த மனிதரின் கையிலிருந்து கிதாரைப் பறித்துவிட்டு, அதைக் கிதார் விளக்கம் என்று கொண்டாடுவது எந்த ஊர் நியாயம் என்று கல்லுருட்டி விளக்க வேண்டும்.

கல்லுருட்டி எழுதியது:

ஆறுகம்பி ஐயா அவர்களுக்கு வணக்கம். பட்டியலை நானும் படித்திருக்கிறேன். என் பதிவில் பதினான்கு பத்திகள் இருக்க, அவற்றுள் ஒரே ஒரு வாக்கியத்தின் ஒரே ஒரு சொற்றொடரைப் பிடித்துக்கொண்டு தனி இழையே தொடங்கியிருக்கிறீர்கள். உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி.

நீங்கள் மறைத்த ஒரு செய்தியை நான் சொல்கிறேன். ஸ்டோன்ஸின் மூலப் பாடலே கிதார் பாட்டு அல்ல. 1967 ஜனவரியில் 'ரூபி டியூஸ்டே'யோடு சேர்ந்து ஒரே தட்டில் வந்த அந்தப் பாட்டை இழுத்துக்கொண்டு ஓடுவது பியானோதான். அந்தப் பியானோப் பாட்டை எடுத்து, ஃபஸ் (ஒலியைக் கரகரப்பாக்கும் கருவி) ஏற்றிய கனத்த கிதார்ப் பாட்டாக மாற்றியிருப்பது மட்டியின் ஆல்பம். கிதாருக்கு அதைவிடப் பெரிய மரியாதையை யார் செய்ய முடியும்? மேலும், எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 'இரவைக் கழிப்போம்' என்பதைச் 'சற்று நேரத்தைக் கழிப்போம்' என்று ஸ்டோன்ஸின் பாடகர் மிக் ஜாகர் மாற்றிப் பாட நேர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்க வானொலி நிலையங்களும் அந்தப் பாட்டுக்குக் கூசியதால்தான் அங்கே 'ரூபி டியூஸ்டே' முதலிடம் போனது, இது பின்தங்கியது. அடுத்த ஆண்டே ஐம்பது வயதைத் தாண்டிய மட்டி எந்தச் சொல்லையும் மழுப்பாமல் முழுக்குரலில் அதைப் பாடுகிறார். இளைஞர்கள் தயங்கிய இடத்தில் பெரியவர் தயங்கவில்லை. புதுப்பித்துக் காட்டினார் என்று நான் சொன்னது அதைத்தான்.

ஆறுகம்பி எழுதியது:

பாட்டில் கிதார் இருக்கிறது என்பதை யார் மறுத்தார்கள்? அது மட்டியின் கிதார் இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. "தம் கிதாரால்" என்று நீங்கள் எழுதினீர்கள். அவருடைய கிதார் அங்கே இல்லை.

இசைத்தட்டுப்பித்தன் எழுதியது:

இரண்டு பேருமே முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். அந்தப் பாட்டின் ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார்த் தொடரை, கேளுங்கள். பிரிட்டிஷ் ராக் குழுவான க்ரீமின் 'சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்' பாட்டின் சாயல் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஆக, ஸ்டோன்ஸின் சொற்களும் க்ரீமின் ரிஃப்பும் மட்டியின் குரலும் சேர்ந்த கலவை அது. அந்தக் குரலை எடுத்துவிட்டால், அந்த ஆண்டில் வந்த நூற்றுக்கணக்கான சைக்கடெலிக் பாட்டுகளில் அதுவும் ஒன்றாகிப் போகும். ப்ளூஸ் விமர்சகர்கள் அன்றே அதைக் கிழித்துப் போட்டார்கள். பின்னாளில் மட்டியே அந்த ஆல்பத்தைப் பற்றி அச்சில் ஏற்ற முடியாத சொற்களால் பேசியிருக்கிறார். பெற்றவரே வேண்டாம் என்ற பிள்ளைக்குக் கல்லுருட்டி காதணி விழா நடத்துகிறார்.

நீலமாலை எழுதியது:

பித்தன் அண்ணா, உங்கள் கடைசி வாக்கியத்தைத் தவிர்த்திருக்கலாம்.

க்ரீமின் சாயல் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவே நான் தயாராக இல்லை, ஏனென்றால் க்ரீமே யாரிடமிருந்து எடுத்தது என்ற கேள்வியை இங்கே யாரும் கேட்பதில்லை. வெள்ளையர் ஒருவர் ப்ளூஸ் ரிஃப்பை எடுத்தால் அது மேதைமை, சிகாகோவின் கறுப்பினக் கலைஞர்கள் அதையே திரும்ப எடுத்தால் அது கலவைச் சரக்கா? பீட் கோசி வாடகைக்கு வந்த ஸ்டூடியோ வாத்தியக்காரர் மட்டும் அல்லர். சிகாகோவின் இசைக்கலைஞர் அமைப்பான ஏஏசிஎம்மைச் சேர்ந்தவர்; 1973 முதல் 1975 வரை ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் வாசித்து, 'அகார்தா' இசைத்தட்டில் கிதாரின் எல்லையையே நகர்த்தி வைத்தவர். சார்ல்ஸ் ஸ்டெப்னி பின்னாளில் எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் ஒலியை வடித்தவர்களுள் முக்கியமானவர். இவர்களை மார்ஷல் செஸ் வாங்கிக் கொட்டிய சரக்கு என்று ஆறுகம்பி எழுதும்போது, ப்ளூஸின் காவலராகத் தம்மை நினைத்துக்கொண்டு கறுப்பினக் கலைஞர்கள் எழுவரை அவமதிக்கிறார் என்பது அவருக்குப் புரிகிறதா?

ஆறுகம்பி எழுதியது:

நீலமாலை அவர்களுக்கு: நான் கோசியை எங்கே அவமதித்தேன்? 'ஐ ஜஸ்ட் வாண்ட் டு மேக் லவ் டு யூ' பாட்டில் அவர் ஃபீட்பேக்கை (ஒலிபெருக்கியின் ஒலி கிதாருக்கே திரும்பி எழுப்பும் ஊளையை) பிடித்து இழுக்கும் தனி வாசிப்பு எனக்கும் பிடிக்கும். அது கோசியின் வாசிப்பு என்றுதான் நானும் சொல்கிறேன். அந்தப் பெருமையைக் கோசியிடமிருந்து எடுத்து மட்டிக்குக் கொடுத்தவர் கல்லுருட்டி. அவமதித்தவர் யார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

மட்டியின் கிதார் என்றால் என்ன என்பதைக் காதால் கேட்டவர்கள் இந்த இழையில் எத்தனை பேர் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. 'ரோலின் ஸ்டோன்' பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்ஸ் இல்லை, பாஸ் இல்லை, ஹார்மோனிக்கா இல்லை. பாட்டு ஏறத்தாழ முழுக்க ஒரே ஸ்வரக்கட்டின் மேல், ஈ ஸ்தானத்தின் மேல், நிற்கிறது. கீழ்க்கம்பியில் ஒரு சிறு தொடரை வாசித்துவிட்டு நிறுத்துகிறார். அந்த நிறுத்தத்தில் ஆம்ப்பின் இரைச்சலும் அறையின் காற்றும் கேட்கின்றன. பிறகு ஓர் அடி பாடுகிறார், அந்த அடிக்குக் கிதார் பதில் சொல்கிறது, குரல் எந்த இடத்தில் சுருதியிலிருந்து அரை இழை கீழே சரிகிறதோ அதே இடத்தில் கம்பியையும் வளைத்துச் சரிக்கிறார். குரலுக்கும் கைக்கும் நடுவில் இன்னொரு மனிதன் நுழைய இடமே இல்லை. 1962-ல் பிரையன் ஜோன்ஸ் தம் ஸ்டோன்ஸ் குழுவுக்குப் பெயர் தேடியபோது அந்தப் பாட்டின் தலைப்பையே எடுத்துக்கொண்டது சும்மா நடந்ததல்ல. அந்தக் கைதான் எலக்ட்ரிக் மட் ஆல்பத்தில் இல்லை. குரலை மட்டும் வெட்டி எடுத்து மூன்று பேரின் ஃபஸ்ஸுக்கும் வா-வா மிதிகருவிக்கும் மேலே ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒட்டுதான்.

கல்லுருட்டி எழுதியது:

ஆறுகம்பி ஐயா 'ரோலின் ஸ்டோன்' பற்றி எழுதியது அருமையான வருணனை. ஆனால் அது வேறு பாட்டு, வேறு காலம். இங்கே அதற்கு என்ன வேலை? 1950களின் பிற்பகுதியிலேயே மட்டி கிதாரை ஓரமாக வைத்துவிட்டு, பாட் ஹேரை வாசிக்கவிட்டுத் தாம் பாடுவதில் மட்டும் கவனம் செலுத்திய காலம் ஒன்று உண்டே, அதையும் கணக்கில் தள்ளிவிடுவீர்களா? அப்போது அவர் ப்ளூஸ் கிதார் கலைஞர் இல்லையா?

இன்னொன்றையும் சொல்கிறேன். 1964 ஜூனில் ஸ்டோன்ஸ் சிகாகோவுக்குப் போய், தெற்கு மிச்சிகன் அவென்யூ 2120 என்ற முகவரியில் இருந்த செஸ் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது, மட்டி வாட்டர்ஸ் ஏணியில் நின்று கூரைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார் என்று ஸ்டோன்ஸின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். தாம் கட்டி எழுப்பிய நிறுவனத்தில் கூலிக்காரரைப் போல் நின்ற அந்த மனிதர், நான்கே ஆண்டுகளில் அந்த இளைஞர்களின் பாட்டையே எடுத்துப் பாடித் தம் உயரத்தைக் காட்டினார். இந்த வரலாற்றின் கனம் உங்களுக்கு எட்டவில்லை.

இசைத்தட்டுப்பித்தன் எழுதியது:

மறுபடியும் அந்த வெள்ளையடிப்புக் கதையா? மார்ஷல் செஸ் அது நடக்கவே இல்லை என்று திட்டவட்டமாக மறுத்திருக்கிறார். மட்டி எப்போதும் கோட்டும் சூட்டுமாக, தலைமுடியை வாரிச் சீவி, சிகாகோவின் தென்பகுதியில் ராஜாவைப் போல் வலம் வந்தவர். ஸ்டோன்ஸின் பாஸ் கலைஞர் பில் வைமனின் நினைவில் இருப்பதோ, மட்டி தங்கள் வாத்தியப் பெட்டிகளை உள்ளே தூக்கிவர உதவினார் என்பது. ஒரே குழுவில் இருந்த இருவரே இரு கதை சொல்கிறார்கள். சென்ற ஆண்டு ஜானி வின்டர் இழையிலும் கல்லுருட்டி இதே போல் ஆதாரம் இல்லாத கதை ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, கேட்டபோது பதில் சொல்லாமல் மறைந்தார். அன்று விட்டுவிட்டேன், இன்று விடமாட்டேன்.

கல்லுருட்டி எழுதியது:

மார்ஷல் செஸ் மறுக்காமல் என்ன செய்வார்? தம் தந்தையின் நிறுவனம் தன் மிகப் பெரிய கலைஞரை ஏணியில் ஏற்றியது என்று அவரே ஒப்புக்கொள்வாரா? அவர் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் பித்தன், அதே மார்ஷல் செஸ் எலக்ட்ரிக் மட் பற்றிப் பெருமையாகப் பேசும்போது மட்டும் வியாபாரி என்கிறார். ஜானி வின்டர் இழையில் நான் மறையவில்லை. அங்கே நீங்கள் பயன்படுத்திய மொழிக்கு மேல் பதில் எழுத என் வளர்ப்பு இடம் தரவில்லை.

தாளக்காரன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மட்டிக்கு 1968-ல் வயது என்ன என்பதை முதலில் சரியாகச் சொல்லுங்கள். அவருடைய கல்லறைக் கல்லில் பிறந்த ஆண்டு 1915 என்று இருக்கிறது. அப்படியானால் ஐம்பத்து மூன்று. ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் 1913 என்கிறார்கள். அப்படியானால் ஐம்பத்தைந்து. ஐம்பதைத் தாண்டியவர் என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது ஆராய்ச்சியாளருக்கு அழகில்லை.

கல்லுருட்டி எழுதியது:

ஐம்பத்து மூன்றும் ஐம்பத்தைந்தும் ஐம்பதைத் தாண்டியவைதாமே, தாளக்காரரே?

ஆறுகம்பி எழுதியது:

வெள்ளையடித்தாரா, பெட்டி தூக்கினாரா, எந்த ஆண்டில் பிறந்தார் என்பதெல்லாம் திசைதிருப்பல். 1968-ல் அவர் கிதார் வாசித்தாரா இல்லையா என்று நான் கேட்டேன். இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பாட் ஹேர் பற்றிக் கல்லுருட்டி எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். பாட் ஹேர் மட்டியின் குழுவில் இருந்தவர். இரவுதோறும் ஒரே மேடையில் நின்று, மட்டியின் மூச்சு எங்கே நிற்கும், எங்கே அடுத்த அடி விழும் என்பதை அறிந்து வாசித்தவர். கிதாரை அவர் கையில் கொடுத்தது மட்டியின் சொந்த முடிவு. எலக்ட்ரிக் மட் ஆல்பத்தில் யார் வாசிக்க வேண்டும் என்பதை முடிவுசெய்தது மட்டி அல்லர். தம் குழுவோடு மேடையில் வாசிக்க முடியாத இசைத்தட்டு எதற்கு என்ற மனக்குறையை அவர் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். எவ்வளவு எளிய கேள்வி பாருங்கள். ஒரு நகரத்துக்குப் போகிறார், ரசிகர்கள் புதிய தட்டிலிருந்து பாடச் சொல்கிறார்கள், அவருடைய ஆட்களிடம் அந்தக் கருவிகளும் இல்லை, அந்த இசைக்கோப்பும் இல்லை.

செஸ் நிறுவனம் அவருக்கு வேடம் போட்டது அதுவே முதல் முறையும் அல்ல. நாட்டுப்புற இசைக்கு மவுசு வந்தபோது, 1964-ல் 'ஃபோக் சிங்கர்' என்று ஓர் ஆல்பம் போட்டு, கையில் அக்கூஸ்டிக் கிதாரைக் கொடுத்தார்கள். அங்கே பட்டி கை என்ற கிதார் கலைஞர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க, மட்டியும் தம் கையால் வாசித்தார். அதனால்தான் அந்த வேடத்துக்குள்ளும் மட்டி உயிரோடு இருந்தார். 1966-ல் ஊதுகருவிகளைச் சேர்த்து இன்னொன்று செய்தார்கள். 1968-ல் வெள்ளை அங்கியைப் போர்த்திப் படம் எடுத்து, ஸ்டோன்ஸ் பாட்டைக் கையில் திணித்தார்கள். இந்த முறை கிதாரும் போய்விட்டது.

இனி ஒரு ராக் பாட்டுக்கு ப்ளூஸ் கிதார் தரும் விளக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள், ஆல்பர்ட் கிங் 1971-ல் 'லவ்ஜாய்' ஆல்பத்தில் வாசித்த 'ஹாங்கி டாங்க் விமன்' பாட்டைக் கேளுங்கள். அதுவும் ஸ்டோன்ஸ் பாட்டுதான். ஃப்ளையிங் வி கிதாரை இடது கைப்பழக்கத்தால் தலைகீழாகப் பிடித்து, மெல்லிய கம்பிகளை மேலே வைத்துக் கீழ்நோக்கி இழுத்து வளைக்கும் அந்த மனிதரின் கை, முதல் ஸ்வரத்திலேயே பாட்டைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. பாட்டின் சொற்கள் ஸ்டோன்ஸுடையவை, ஆனால் அந்த வளைவு ஆல்பர்ட் கிங்கைத் தவிர வேறு எவருக்கும் வராது. அவரே பாடினார், அவரே வாசித்தார். மறுவிளக்கம் என்று நான் ஒப்புக்கொள்வது அதை.

நீலமாலை எழுதியது:

ஆல்பர்ட் கிங்கை இங்கே கொண்டுவந்தது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பாட்டு மூலத்தை விட்டு எவ்வளவு தூரம் போகிறது? அழகாக வாசித்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டோன்ஸ் கட்டிய வீட்டின் கூடத்திலேயே உட்கார்ந்து வாசிக்கிறார். எலக்ட்ரிக் மட் அந்த வீட்டையே இடித்துவிட்டு வேறொன்றைக் கட்டுகிறது.

நேற்றிரவு காதொலிக் கருவியைப் போட்டுக்கொண்டு இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டேன். ஸ்டோன்ஸின் பதிவில் எல்லாம் முன்னோக்கி ஓடுகிறது. பியானோ குதிக்கிறது, பின்னணிக் குரல்கள் சிரிக்கின்றன, ஜாகர் அவசரப்படுகிறார். மட்டியின் பதிவில் அவசரமே இல்லை. கிதாரும் பாஸும் கனத்த ரிஃப்பைத் தரையில் இழுத்துவர, ஜென்னிங்ஸின் டிரம்ஸ் அதைத் தாங்கி நிற்க, குரல் அந்த எடையின் மேல் வந்து அமர்கிறது. ஜாகர் கெஞ்சும் அடிகளை மட்டி அறிவிப்பாகச் சொல்கிறார். பாட்டின் பொருளே மாறிவிடுகிறது. அந்தக் குரலில் கிதார் இல்லை என்று ஆறுகம்பி சொல்வது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. அவர் கிதாரில் எந்த வளைவை இழுப்பாரோ அதே வளைவு குரலில் இருக்கிறது.

இன்னொரு செய்தியை யாரும் குறிப்பிடவில்லை. இதே கேடட் கான்செப்டில், இதே ஸ்டெப்னியின் இசைக்கோப்பில், ரோட்டரி கனெக்ஷன் குழு தன் முதல் ஆல்பத்திலேயே 'லேடி ஜேன்', 'ரூபி டியூஸ்டே' ஆகிய ஸ்டோன்ஸ் பாடல்களைப் பாடியிருந்தது. ஸ்டோன்ஸ் பாடல்களைக் கலைத்துக் கோக்கும் வேலையை ஸ்டெப்னி ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார். மட்டியின் பதிவு அந்த வரிசையின் உச்சம். தற்செயலாக ஒட்டப்பட்ட ஒட்டு அல்ல அது.

ஆறுகம்பி எழுதியது:

என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்றை நானே தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. அது ஸ்டெப்னியின் திட்டம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் ஸ்டோன்ஸ் பாட்டுக்கு விளக்கம் தந்தவர் ஸ்டெப்னி. கிதாரில் தந்தவர் கோசி. மட்டி எங்கே?

குரலில் கிதார் இருக்கிறது என்பது கவிதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் கம்பியின் மேல் விரலை வைக்காதவர் கிதார் வாசித்ததாக நான் எழுதமாட்டேன்.

கல்லுருட்டி எழுதியது:

அந்த ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 127-ஆம் இடம் வரை போனது. வாழ்நாள் முழுதும் சிகாகோவின் விடுதிகளில் பாடிய ஒருவரை வெள்ளைக்கார இளைஞர்களின் அறைக்குள் கொண்டு சேர்த்தது அது. பப்ளிக் எனிமி குழுவின் சக் டி அந்த ஆல்பத்தால் ஈர்க்கப்பட்டு, 2003-ல் மார்ட்டின் ஸ்கார்செஸியின் ப்ளூஸ் ஆவணப்பட வரிசைக்காக அதே வாத்தியக்காரர்களை மீண்டும் ஒன்றுசேர்த்தார். ஹிப்-ஹாப் தலைமுறை மட்டியிடம் வந்து சேர்ந்த வழிகளில் இதுவும் ஒன்று. ஆறுகம்பி ஐயா போன்ற தூய்மைவாதிகள் காட்டிய வழியில் எத்தனை இளைஞர்கள் வந்தார்கள்?

இசைத்தட்டுப்பித்தன் எழுதியது:

விற்பனையைப் பற்றிப் பேசுவதானால் முழுவதையும் பேசுங்கள். 1969-ல் மைக் புளூம்ஃபீல்ட், பால் பட்டர்ஃபீல்ட் ஆகியோருடன் மட்டி செய்த 'ஃபாதர்ஸ் அண்ட் சன்ஸ்' அதைவிட மேலே, 70-ஆம் இடம் வரை ஏறியது. அதில் ஃபஸ் இல்லை, ஸ்டோன்ஸ் பாட்டு இல்லை, வெள்ளை அங்கி இல்லை. மட்டியின் பழைய பாட்டுகளை மட்டியின் முறையிலேயே வாசித்தார்கள். இளைஞர்கள் அதைத்தான் அதிகம் வாங்கினார்கள்.

ஆறுகம்பி எழுதியது:

பித்தன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த ஆல்பத்தில் மட்டி கிதார் வாசித்தார்.

நெறியாளர் எழுதியது:

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் "தூய்மைவாதி" என்றும் "கதைவிடுபவர்" என்றும் விளிப்பதைத் தவிர்க்கவும். ஜானி வின்டர் இழை பூட்டப்பட்டதற்கான காரணம் அனைவருக்கும் நினைவிருக்கும் என்று நம்புகிறேன். தாளக்காரன் பிறந்த ஆண்டு குறித்துத் தனியாக எனக்கு அனுப்பிய மூன்று செய்திகளும் கிடைத்தன.

நீலமாலை எழுதியது:

நெறியாளருக்கு நன்றி. ஆறுகம்பி அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. 1964-ல் ஸ்டோன்ஸ் அதே செஸ் ஸ்டூடியோவில் மட்டியின் 'ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்' பாட்டைப் பதிவுசெய்தபோது, ஸ்லைடு (கம்பிகளின் மேல் குழாயை வழுக்கவிட்டு வாசிக்கும் கிதார்) வாசித்தவர் பிரையன் ஜோன்ஸ்; பாடியவர் ஜாகர். பாடியவர் கிதாரைத் தொடவில்லை. அதை ஸ்டோன்ஸின் விளக்கம் என்று தயங்காமல் ஏற்றுக்கொள்கிறோம். வெள்ளையர் குழுவுக்குக் குரல் வேறு கை வேறாக இருக்கும் உரிமை உண்டு, மட்டிக்கு மட்டும் அந்த உரிமை இல்லையா?

ஆறுகம்பி எழுதியது:

ஸ்டோன்ஸ் ஒரு குழு. பிரையன் ஜோன்ஸ் அந்தக் குழுவின் உறுப்பினர். மட்டி 1948-ல் அந்தப் பாட்டில் இழுத்த ஸ்லைடுக்கு, பதினாறு ஆண்டுகள் கழித்து அதே ஊரில், இன்னொரு இளைஞனின் ஸ்லைடு பதில் சொன்னது. கைக்குக் கை சொன்ன பதில் அது. அதை இதனோடு ஒப்பிட்டது பொருந்தவே இல்லை. எலக்ட்ரிக் மட் பதிவில் கோசி மட்டியின் குழு உறுப்பினரும் அல்லர், மட்டியின் கைக்கு மாற்றாக வாசிக்கவும் இல்லை; தம்முடைய வேறொரு இசையை வாசித்தார். நல்ல இசை. ஆனால் மட்டியின் கிதார் அல்ல. இதை எத்தனை முறை எழுத வேண்டுமானாலும் எழுதுவேன்.

அடுத்த ஆண்டு வந்த 'ஆஃப்டர் த ரெயின்' ஆல்பத்தைப் பாருங்கள். அதே கேடட் கான்செப்ட், கோசியும் உண்டு. ஆனால் அங்கே மட்டி தம் கிதாரோடு வருகிறார். ஒலி உடனே மாறுகிறது. காது உள்ளவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கட்டும்.

கல்லுருட்டி எழுதியது:

'ஆஃப்டர் த ரெயின்' ஆல்பத்தில் ஸ்டோன்ஸ் பாட்டே இல்லையே, ஐயா. ராக் பாட்டுக்குத் தந்த விளக்கம் பற்றிய இழையில் ராக் பாட்டே இல்லாத ஆல்பத்தைச் சான்றாகக் காட்டுகிறீர்கள். நான் திசைதிருப்புகிறேன் என்று மேலே எழுதியவர் நீங்கள்.

என் பதிவில் ஒரு சொல்லையும் மாற்றப்போவதில்லை. மாற்றச் சொல்லி நீங்கள் தனிச்செய்தியில் எழுதியதற்கும் இதுவே பதில்.

இசைத்தட்டுப்பித்தன் எழுதியது:

தனிச்செய்தியில் எழுதியதை இங்கே வெளியே சொல்வது எந்த வகை நாகரிகம்? சென்ற ஆண்டும் இதையேதான் செய்தீர்கள்.

தாளக்காரன் எழுதியது:

நெறியாளர் என் மூன்று செய்திகளுக்கும் இன்னும் பதில் தரவில்லை. திருமணப் பதிவு முதலிய பழைய ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் 1913-ஐ ஆதரிக்கிறார்கள் என்பதைக் கல்லுருட்டி தம் பதிவில் சேர்க்க வேண்டும்.

ஆறுகம்பி எழுதியது:

தனிச்செய்தியில் நான் எழுதியதை இங்கேயே வெளியிடலாம், எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. "தம் கிதாரால்" என்ற சொற்களை நீக்கிவிட்டு "தம் குரலால்" என்று எழுதுங்கள், மற்றதை நான் விட்டுவிடுகிறேன் என்று கேட்டிருந்தேன். அவ்வளவுதான். அதைக்கூடச் செய்ய மனம் வராதவரிடம் பேச எனக்கு இன்னும் நிறைய இருக்கிறது. 1997-ல் ஸ்டோன்ஸ் பாடல்களை மட்டுமே ப்ளூஸ் கலைஞர்கள் பாடிய 'பெயிண்ட் இட், ப்ளூ' தொகுப்பில் லூதர் அலிசன் என்ன செய்திருக்கிறார் என்பதை நாளை விரிவாக எழுதுகிறேன். அதற்குள் கல்லுருட்டி அந்தத் தொகுப்பை ஒருமுறையாவது முழுமையாகக் கேட்டுவிட்டு வரட்டும்.

கல்லுருட்டி எழுதியது:

அந்தத் தொகுப்பு வெளிவந்த நாளிலிருந்து என்னிடம் இருக்கிறது. நீங்கள் எழுதுங்கள், பாட்டுக்குப் பாட்டு பதில் தருகிறேன்.